பெண்கள் பக்கம்

ஹில்டா திரும்பிப் பார்க்கமாட்டாள். தெரிந்தும் அவள் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீலச் சேலை, கொண்டையில் கொஞ்சம் பிச்சிப்பூ, கொண்டைக்குக் கீழே மைதான வெயிலில் கறுத்த கழுத்து. ஸ்கூட்டரில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் வண்டியிலேயே கத்துவாள், பக்கத்தில் போகிற பஸ்ஸில் இருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். இது வேறு. பள்ளிக்கூட மைதானத்தில் ஓடுகிற பிள்ளைக்குத் தடத்தை விட்டு ஒதுங்கி நிற்பாளே, அந்த மாதிரி ஒதுங்கி நிற்கிறாள். எங்கள் சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், நுழைந்ததும் வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள், நடுவில் சிவப்புக் கம்பளம் போட்ட பாதை. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வண்டியில் ஒட்டிக்கொண்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போவோம். கல்யாணமான புதிதில் திருச்சிக்காரியான ஹில்டா இதைப் பார்த்துச் சிரித்தாள். "ஆண்டவருக்கு முன்னால மட்டும் நமக்கு டைவர்ஸா?" என்று கேட்டாள். யார் இதை ஏற்படுத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. என் அப்பா இந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார், நானும் உட்காருகிறேன். அவள் ஒரு பெஞ்சு முன்னால் பாதை ஓரத்தில் இருக்கிறாள், நானும் பாதை ஓரத்தில் இருக்கிறேன், இடையில் அந்தக் கம்பளம்தான். கையை நீட்டினால் எட்டாது, இரண்டு எட்டு வைத்தால் எட்டும். அந்தப் பாதையில் போதகர் நடப்பார், கல்யாணப் பெண் நடப்பாள், சவப்பெட்டி நடக்கும். நான் ஆராதனை நடுவில் ஒரு நாளும் அதைத் தாண்டியதில்லை.

மத்தியானத்துக்குள் சொல்ல வேண்டும். தத்து விஷயங்களைப் பார்க்கிற அந்த அதிகாரியம்மா போனில் நிதானமாகத்தான் பேசினார்கள். "ஞாயித்துக்கிழமைதான் சார், பரவாயில்ல, என் நம்பருக்கே கூப்பிடுங்க. மத்தியானத்துக்குள்ள உங்ககிட்டேருந்து தகவல் வரலைன்னா வேண்டாம்னு எடுத்துக்குவோம். தப்பா நினைக்காதீங்க, அதான் முறை." தப்பாக நினைக்க என்ன இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரி போனை வைத்த பிறகும் காதை விட்டுப் போகவில்லை. தகவல் வரலைன்னா வேண்டாம்னு எடுத்துக்குவோம். இத்தனை காலமும் நான் சொல்லாமல் விட்டதையெல்லாம் யாரோ எங்கேயோ ஒரு பதிலாக எடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்களா? நான் பாட்டுக்கு யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றல்லவா நினைத்திருந்தேன். பிள்ளையின் பெயர் கயல். ஐந்து வயது முடியப்போகிறது. ஒரு காது சுத்தமாகக் கேட்காது, இன்னொன்று மெஷின் வைத்தால் கேட்கும். படம் என் போனில் இருக்கிறது, போன் சட்டைப் பையில் இருக்கிறது, பை நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. எடுத்துப் பார்க்க முடியாது, ஆராதனை. பார்க்கவும் வேண்டாம், கண்ணை மூடினாலே தெரிகிறது. ஒட்ட வெட்டின முடி, காதுக்குப் பின்னால் மெஷின், முழங்காலில் காய்ந்த சிராய்ப்பு. யாருடைய விரலையோ பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்த ஆள் படத்துக்குள் இல்லை, கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. கேமராவைப் பார்க்காமல் அந்தக் கையைத்தான் பார்க்கிறாள், விட்டுவிடுமோ என்று பார்க்கிறாளா, விடாது என்று தெரிந்துதான் பார்க்கிறாளா, எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

முதல் பாட்டு முடிந்து எல்லாரும் உட்காருகிறார்கள், நானும் உட்காருகிறேன். பெஞ்சு முனகுகிறது. பக்கத்தில் வேதமுத்து அண்ணாச்சி, கோடாலித் தைல வாசனையோடு, பிரசங்கம் தொடங்கும் முன்பே தூங்குவதற்கு வசதியாகச் சாய்ந்துகொள்கிறார். கொடுத்துவைத்தவர். ஹில்டா அன்றைக்கே சரி சொல்லியிருந்தால் இந்நேரம் நானும் சாய்ந்துகொண்டிருப்பேன். போன் வந்ததும் நான் வழக்கம்போல அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் படத்தைப் பார்த்தாள், நேரம் எடுத்துப் பார்த்தாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை என் கையில் கொடுத்தாள். "எனக்கு என்னன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா நான் சொல்லமாட்டேன். இதை நீங்கதான் சொல்லணும்," என்றாள். "ரெண்டு பேரும் சேந்துதானே ஹில்டா..." என்று இழுத்தேன். "ரெண்டு பேரும் சேந்துன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? நான் சொல்வேன், நீங்க சரிம்பீங்க. வீடு நான் சொன்னது. வண்டி நான் சொன்னது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி இறங்கினது நான் சொன்னது, போதும்னு நிறுத்தினதும் நான் சொன்னது. அதுக்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லங்க. ஆனா இந்தப் பிள்ளை பெரியவளாகி ஒரு நாள் உங்ககிட்ட வந்து நிப்பா. அப்பா, என்னை ஏன் கூட்டிட்டு வந்தீங்கன்னு கேப்பா. என்ன சொல்லுவீங்க? அம்மா சொன்னா, நான் சரின்னேன்னு சொல்லுவீங்களா?" அவள் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். கொஞ்சம் கழித்து அங்கிருந்தே, குரலைத் தணித்து, "வேண்டாம்னு தோணினாலும் சொல்லுங்க. அழுதுட்டு எந்திரிச்சிருவேன். ஒண்ணும் சொல்லாம மட்டும் இருந்துராதீங்க," என்றாள்.

அப்பா. அந்தச் சொல்லை அவள் எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! விளையாட்டு டீச்சர் இல்லையா, பந்தைத் தூக்கிப்போடுகிற மாதிரி போட்டுவிட்டாள், அது இன்னும் என் கையில் விழாமல் மேலேயே நிற்கிறது. நான் இப்படிப்பட்டவன் என்று தெரிந்துதானே கட்டிக்கொண்டாள். ஓட்டலில் சர்வர் வந்து நின்றால் அவள் சொல்வதையே எனக்கும் சொல்லச் சொல்வேன். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, ஆண்டவரே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஹில்டா பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தாள், போகும்போது, "கலர் நீங்க முடிவு பண்ணுங்க, எதுன்னாலும் எனக்குச் சம்மதம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது முன்பக்கம் பச்சை, பின்பக்கம் மஞ்சள். பெயின்டர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார், இரண்டு டப்பாவையும் தீர்த்துவிட்டுப் போய்விட்டார். வாசலில் நின்று பார்த்தாள், சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தாள், படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நல்லதாப் போச்சு, மூணாவது டப்பா வாங்கலை," என்றாள். இன்றைக்கும் எங்கள் தெருவில் வழி கேட்டால் ரெண்டு கலர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். இத்தனைக்கும் என் வேலை என்ன? கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறேன். நாள் முழுக்க மற்றவர்களை இருட்டு அறையில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு லென்ஸ், எடுத்துவிட்டு இன்னொரு லென்ஸ், "இது தெளிவா, அது தெளிவா? இதுவா, அதுவா?" என்று கேட்கிறேன். பதறிப்போவார்கள். போலீஸ்காரர்கள் பதறுவார்கள், பள்ளிக்கூட மாஸ்டர்கள் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி வியர்ப்பார்கள். "பயப்படாதீங்க, இதுல தப்பான பதிலே கிடையாது. உங்களுக்கு எது தெரியுதோ அதைச் சொல்லுங்க," என்று அமைதியாகச் சொல்வேன். நல்ல மனுஷன், பொறுமையான மனுஷன் என்று பேர். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வெளியே வந்து, எந்த வழியாக வீட்டுக்குப் போகலாம் என்று நின்றுகொண்டிருப்பேன்.

ஐயர் பிரசங்க மேடையில் ஏறுகிறார். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இவர் இளவயதுக்காரர், கண்ணாடி என் கடையில் போட்டதுதான், இடது பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது, சரிபண்ணிக் கொடுக்க வேண்டும். இவரிடம் வெள்ளிக்கிழமை போய் நின்றேன். விஷயத்தைச் சொல்லி, "ஜெபம் பண்ணிக்கிடுங்க ஐயரே," என்றேன். "கண்டிப்பா. என்னன்னு ஜெபம் பண்ணட்டும் அண்ணாச்சி?" என்று கேட்டார். "ஆண்டவருடைய சித்தம் என்னவோ அது தெரியணும்னு," என்றேன். "தெரிஞ்சா செஞ்சுருவீங்களா?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார், குத்தலாக ஒன்றுமில்லை, ஆனாலும் நான் கண்ணாடி வசதியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்துவிட்டேன். தெரிந்தால் செய்துவிடுவேனா? இதையேதான் ஹில்டா வேறு மாதிரி கேட்டாள், பெண் பார்க்கப் போன அன்றைக்கு. திருச்சியில், அவர்கள் வீட்டு மாடி அறையில், எங்கள் இரண்டு பேரையும் தனியாகப் பேசவிட்டிருந்தார்கள். எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவ்வளவு பிடித்ததால்தான் பயம். "என்ன சொல்லுதீங்க?" என்று நேராகக் கேட்டாள், எங்கள் ஊர்ப் பேச்சை எப்படியோ அதற்குள் பிடித்துக்கொண்டு கேலியாக. நான், "ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேங்க," என்றேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம், கடன் கேட்டு வருகிறவருக்கும் அதுதான், கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவருக்கும் அதுதான். ஹில்டா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "சரி, பண்ணுங்க. நான் இங்கதான் இருக்கேன்," என்றாள். வேறு வழியில்லாமல் கண்ணை மூடினேன். ஒரு சொல் வரவில்லை. கீழே காப்பி ஆற்றுகிற சத்தம், தெருவில் ஒரு சைக்கிள் மணி, அவள் வளையல் நாற்காலிக் கையில் தட்டுகிற சத்தம். ஆண்டவரே, பிடித்திருக்கிறது, ஆண்டவரே, பிடித்திருக்கிறது என்று மட்டும் ஓடியது. கண்ணைத் திறந்தபோது அவளும் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், உதட்டோரத்தில் சிரிப்பு. கண்ணைத் திறக்காமலே, "பதில் வந்துச்சா?" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லை, தலையாட்டியது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, எழுந்து கதவைத் திறந்து, "அப்பா, அவருக்குச் சம்மதமாம்," என்று கீழே பார்த்துக் கத்தினாள். அங்கேயும் அவள்தான் சொன்னாள். பார், அங்கேயும் அவள்தான்.

இன்றைக்குப் பிரசங்கம் உப்பைப் பற்றி. காலையிலிருந்து நான் அடையாளம் தேடிக்கொண்டிருக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை, வெட்கமாக இருக்கிறது. முதல் பாட்டு பிள்ளைகளைப் பற்றியதாக இருந்தால் ஆமாம் என்று வைத்தேன், அது மலைகளைப் பற்றியதாக இருந்தது. மேலே உத்தரத்தில் ஒரு புறா வந்து மாட்டிக்கொண்டிருக்கிறது, அது வலது ஜன்னல் வழியாக வெளியே போனால் ஆமாம், இடது ஜன்னல் என்றால் இல்லை என்று வைத்தேன், அது எந்தப் பக்கமும் போகாமல் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்னைப் போல ஒரு புறா. பிரசங்கத்தில் எனக்கென்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன், வந்தது உப்பு. உப்பு கரைய வேண்டும் என்கிறார். கரைவது என்றால் சரி சொல்வதா? சாரமில்லாமல் போனால் எதற்கு உதவும் என்கிறார், அது என்னைத்தானா? இல்லை, அவர் கோயில் வளாகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்குப் போய்விட்டார், அங்கிருந்து அறுப்பின் பண்டிகைக்கு. எல்லாருக்கும் பொதுவான நல்ல பிரசங்கம். வேதமுத்து அண்ணாச்சியின் மூச்சு சீராக இருக்கிறது. ஆண்டவரே, ஒன்று சொல்லக்கூடாதா? ஒரே ஒரு வார்த்தை. இந்தப் பிள்ளை உன் பிள்ளை என்று சொல்லிவிட்டால் ஓடியே போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேனே. இல்லை என்று சொல்லிவிட்டால்? ஐயோ, வேண்டாம், அப்படிச் சொல்லிவிடாதேயும். பையில் இருக்கும் போன் சுடுகிற மாதிரி இருக்கிறது. இல்லை என்று வந்துவிடுமோ என்று ஏன் இப்படிப் பதறுகிறேன்? இரண்டும் சமமாகத் தெரிகிறது என்றல்லவா மூன்று நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. என் குரல் சின்னக் குரல். கடையில் கூட, "என்ன சார்?" என்று இரண்டாவது தடவை கேட்பார்கள். நான் கூப்பிட்டால் அவளுக்குக் கேட்குமா? தெருவில் எனக்கு முன்னால் ஓடுகிறாள், எதிரே வண்டி வருகிறது, கயல் என்கிறேன், அந்தச் சத்தம் என் பல்லுக்குள்ளேயே நிற்கிறது. கத்திப் பழகி, கத்துகிற அப்பனாகவே ஆகிவிட்டால்? அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போனால்? எங்களிடம் வந்த பிறகும் அந்தப் படத்தில் இருக்கிற கையைத்தான் தேடுவாள் என்றால்? இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்புகிறேன். அதிகாரியம்மா கடைசியில் சொன்னது. நான்தான் கேட்டேன், கேட்டிருக்கக் கூடாது, இதற்கு முன்னால் யாரும் பார்க்க வந்தார்களா என்று. "வந்தாங்க சார். நல்லவங்கதான். பிள்ளையோட ரொம்ப நேரம் விளையாடினாங்க. யோசிச்சுச் சொல்றோம்னு போனாங்க, அப்புறம் சொல்லலை," என்றார்கள். "அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பிள்ளை செருப்பைக் கழட்டாம தூங்கினா. கழட்டினா அழுவா. வந்து கூப்பிட்டா உடனே கிளம்பணும்லா, அதுக்கு." அந்த மனுஷன் கெட்டவனாக இருந்திருக்கமாட்டான். என்னைப் போல ஒருத்தன். வீட்டுக்குப் போய், மனைவியின் முகத்தைப் பார்த்து, ஜெபம் பண்ணிவிட்டு, எல்லாப் பக்கமும் நியாயமாக யோசித்துக்கொண்டிருந்திருப்பான். அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அங்கே ஒரு பிள்ளை செருப்போடு தூங்கியிருக்கிறது. எனக்கு அந்த ஆளின் மேல் கோபம் வருகிறது, முகம் தெரியாதவன் மேல், கோயிலில் உட்கார்ந்துகொண்டு, பல்லைக் கடிக்கிற அளவுக்கு. உன்னை யார் யோசிக்கச் சொன்னது? பிள்ளை உன்னோடு விளையாடியதே, அது போதாதா உனக்கு?

ஹில்டா சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைக்கிறாள். மேலே இருக்கிற காற்றாடி அந்தப் பெஞ்சுக்கு எட்டாது. இந்தப் பக்கம் வந்து உட்காரேன் என்று சொல்ல முடியாது, ஆண்கள் பக்கம். இங்கிருந்தே அவள் தோள் நிமிர்ந்திருப்பதை வைத்தே சொல்வேன், அவள் ஜெபிக்கவில்லை, காத்திருக்கிறாள். எதற்கு? எனக்கு. ஆண்டவர் சொல்லிவிடுவார் என்று நான் காத்திருக்கிறேன், நான் சொல்லிவிடுவேன் என்று அவள் காத்திருக்கிறாள், எங்கேயோ ஒரு பிள்ளை யாரோ வருவார்கள் என்று காத்திருக்கிறது. ஆண்டவர்? இது வரைக்கும் தோன்றாதது இப்போது தோன்றுகிறது, அவரும் காத்திருக்கிறாரோ? விசுவாசம் என்று நான் வைத்திருப்பது எது? பிறந்ததும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அம்மா தூக்கிக்கொண்டு போனாள். விசுவாசத்தை நாமே உறுதிசொல்கிற திடப்படுத்தலுக்கு என் வயதுப் பையன்கள் எல்லாரும் போனார்கள், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நானும் போனேன். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு, கோயிலைக் கவனித்துக்கொள்கிற கோயில்பிள்ளை வந்து பெஞ்சைத் தொட்டால் பெஞ்சே எழுந்திருக்கும், நானும் எழுந்திருப்பேன். எல்லாம் வரிசையில் கிடைத்தது. நானாக ஒரு தடவை எழுந்து, யாரும் எழுந்திருக்காத நேரத்தில் எழுந்து, இதோ வருகிறேன் என்று எதையாவது அவரிடம் சொல்லியிருக்கிறேனா? அவர் சித்தம் தெரியவில்லை, தெரியவில்லை என்று சொல்வது பணிவு என்றல்லவா இருந்தேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி ஆண்டவர் தோட்டத்தில் முழங்கால்படியிட்டுக் கேட்டாரே, இந்தப் பாடுகளின் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடாதா என்கிற அர்த்தத்தில், வியர்த்து வழிய. அதற்கு என்ன பதில் வந்தது? சின்ன வயதிலிருந்து எத்தனை பெரிய வெள்ளியில் இதைக் கேட்டிருக்கிறேன், இந்தக் கேள்வி ஒரு தடவையும் வந்ததில்லை. வானத்திலிருந்து ஒரு வார்த்தை வந்ததாக ஞாபகமில்லையே. சத்தமே இல்லை. கேட்டார், திரும்பக் கேட்டார், பிறகு எழுந்தார். தூங்கிக்கொண்டிருந்த சீஷர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு நடந்தார். பதில் வந்து எழுந்திருக்கவில்லை. எழுந்ததுதான் பதில். நமக்காகத்தானே எழுந்தார். ஒன்றுக்கும் உதவாத நம்மைப் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொள்ள. என் படத்தைப் பார்த்துவிட்டு, காது எப்படி, புத்தி எப்படி, யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் போயிருந்தால் நான் எந்த வாசலில் உட்கார்ந்திருப்பேன்?

பிரசங்கம் முடிந்துவிட்டது போல. ஆர்மோனியம் கேட்கிறது, எல்லாரும் எழுந்திருக்கிறார்கள், வேதமுத்து அண்ணாச்சி விழித்து எழுந்து, தூங்காதவர் மாதிரி தொண்டையைச் செருமுகிறார். நானும் எழுந்திருக்கிறேன், வரிசையோடு. பாட்டு ஆரம்பிக்கிறது. எனக்கு வேண்டும். யாருக்கும் சொல்லவில்லை, உள்ளே கேட்டது, என் குரல்தான், மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. எனக்கு அந்தப் பிள்ளை வேண்டும். காது கேட்காவிட்டால் தோளைத் தொட்டுக் கூப்பிடுவேன். கையால் பேசக் கற்றுக்கொள்வேன், எனக்கு அதுதான் வசதியும். பயமாகத்தான் இருக்கிறது, பயம் போகவில்லை, அது பாட்டுக்குப் பக்கத்தில் நின்று பாடட்டும். ஆராதனை முடிந்து வாசலில் சொல்லலாம். செருப்புப் போடும்போது சொல்லலாம். வேண்டாம், அதற்குள் யாராவது வந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள், ஐயர் கை கொடுப்பார், கண்ணாடியைப் பற்றிக் கேட்பார், நான் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இப்போதே. கால் நகரவில்லை. ஆண்டவரே, நீர் ஒன்றும் சொல்ல வேண்டாம், கூட மட்டும் வாரும். இடது காலைக் கம்பளத்தில் வைக்கிறேன். காலுக்குக் கீழே மெத்தென்று இருக்கிறது. இவ்வளவு நாள் கல்யாணப் பெண்களுக்கும் பெட்டிகளுக்கும் விட்டிருந்தேன். வலது கால். முன்வரிசையிலிருந்து கோயில்பிள்ளை என்னைப் பார்த்து, ஏதோ வேண்டுமோ என்று புருவத்தைத் தூக்குகிறார். பாடகர் குழுவில் ஒரு பெண் பாட்டை விட்டுவிட்டுப் பார்க்கிறாள். பின்னால் வேதமுத்து அண்ணாச்சி, "தம்பி, எங்க போறீய?" என்கிறார். நான் பெண்கள் பக்கம் போய், ஹில்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

அவள் பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பாடிக்கொண்டிருக்கிறாள், எப்போதும் போலச் சுருதி கொஞ்சம் தப்பி, எல்லாரையும் விடச் சத்தமாக. குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில், "ஹில்டா, கயலைக் கூட்டிட்டு வந்துருவோம்," என்கிறேன்.

"என்ன?" என்கிறாள், முன்னால் பார்த்துக்கொண்டே.

"கயலைக் கூட்டிட்டு வந்துருவோம். நான் சொல்லுதேன். எனக்கு வேணும்."

"பாட்டுல கேக்கலங்க. சத்தமாச் சொல்லுங்க."

"நம்ம பிள்ளைய கூட்டிட்டு வருவோம்னு சொல்றேன் ஹில்டா!"

இவ்வளவு பெரிய சத்தம் எனக்குள் எங்கே இருந்தது? முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒரு அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டே நகர்ந்து எனக்கு இடம் விடுகிறார். ஹில்டா இப்போதுதான் என் பக்கம் திரும்புகிறாள். கண் நிரம்பியிருக்கிறது, உதட்டோரத்தில் அதே சிரிப்பும் இருக்கிறது.

"இப்பக் கேட்டுச்சா?" என்கிறேன்.

"முதல்லயே கேட்டுச்சு."

"பிறகு ஏன்...?"

"இன்னொரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் பாட்டுப் புத்தகத்தை மூடிப் பெஞ்சில் வைக்கிறாள். என் கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்க, அந்தக் கம்பளத்தின் மேலேயே வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள். வெளியே வெயில் கண்ணைக் கூசுகிறது. உள்ளே அடுத்த அடியைப் பாடுகிறார்கள். படியில் நின்று, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவளிடம் நீட்டுகிறேன், பழக்கதோஷம். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறாள். நானே கூப்பிடுகிறேன்.

"சொல்லுங்க சார்," என்கிறார்கள் அதிகாரியம்மா. பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. அவர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே.

"நாங்க கயலைக் கூட்டிட்டு வர்றோம்மா. எங்களுக்குச் சம்மதம்." இன்னும் ஏதோ சொல்ல வேண்டும்போல இருக்கிறது. "எனக்குச் சம்மதம்," என்கிறேன்.

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம். பிறகு, "ரொம்பச் சந்தோஷம் சார்," என்கிறார்கள். "மத்த வேலையெல்லாம் ஒவ்வொண்ணா நான் சொல்றேன். முதல்ல பிள்ளையை வந்து பாக்கணும். எப்ப வர்றீங்க? ஆலோசிச்சுட்டு ஒரு தேதி சொல்லுங்க."

"நாளைக்கு," என்கிறேன்.

ஹில்டா என் கையைப் பிடித்து இழுக்கிறாள். "நாளைக்கா? நாளைக்கு எனக்கு ஸ்கூல்ல விளையாட்டு விழாங்க! நான்தான் எல்லாத்தையும் நடத்தணும்!"

போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்க்கிறேன்.

"லீவு போடு," என்கிறேன்.